கேஜன் சாப்பாடு ஆடம்பர விலையில் விற்குமா? விலை தெரிந்த ஊரில் ஓர் உணவகத்தின் கணக்கு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லாஃபயெட் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே பெட்ரோல் நிலையத்துக்குப் போனால் வண்டிக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு, அப்படியே சுடச்சுட ‘பூடான்’ வாங்கிக்கொண்டு வரலாம். பன்றி இறைச்சி, ஈரல், சோறு, மசாலா எல்லாவற்றையும் சேர்த்துக் குடல் உறைக்குள் அடைத்து வேகவைத்த தொத்திறைச்சி அது. தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பலர் காத்திருப்பதில்லை. கார் நிறுத்துமிடத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்.

அதே பூடானை வெள்ளைத் தட்டில் வைத்து, பக்கத்தில் கொஞ்சம் சாஸ் ஊற்றி, பல மடங்கு விலைக்குக் கொடுத்தால் அந்த ஊர்க்காரர்கள் வாங்குவார்களா?

‘கேஜன்’ உணவைப் பெரிய அளவில் விற்க நினைக்கும் எந்தச் சமையல் கலைஞரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போகவேண்டும். சிலர் வென்றார்கள். சிலர் கடையை மூடினார்கள். ஏன் என்று பார்ப்போம்.

சுருக்கமாக:

• கேஜன் உணவு ஏழை விவசாயக் குடும்பங்களின் வீட்டுச் சமையல். அதன் ‘சரியான’ விலை என்ன என்று உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் மனத்தில் ஒரு கணக்கு உண்டு.

• அதை உயர்தர உணவாக உலகுக்குக் காட்டியவர் சமையல் கலைஞர் பால் புருடோம். அவர் கடை போட்டது சுற்றுப்பயணிகள் குவியும் நியூ ஆர்லியன்ஸ் நகரில்.

• கேஜன் மக்களின் சொந்த மண்ணில் அதே வியாபாரம் பல மடங்கு கடினம். ஆனால் முடியாத காரியம் இல்லை.

கேஜன் என்றால் யார்?

முதலில் ஆள், பிறகு சாப்பாடு.

இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் ‘அகேடியா’ என்ற பிரெஞ்சுக் குடியேற்றம் இருந்தது. அந்தப் பகுதி பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1755ஆம் ஆண்டு முதல் அங்கிருந்த பிரெஞ்சு மொழி பேசும் மக்களை அவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேற்றினார்கள். குடும்பங்கள் பிரிந்தன. பலர் வழியிலேயே இறந்தார்கள். மிஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் 1760களில் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தனர். 1785இல் பிரான்சிலிருந்து இன்னும் சுமார் 1,600 பேர் கப்பல்களில் வந்தார்கள்.

‘அகேடியன்’ என்ற பெயர் பேச்சு வழக்கில் தேய்ந்துதான் ‘கேஜன்’ ஆனது.

வந்த இடம் சதுப்பு நிலமும் புல்வெளியும். கையில் பணம் இல்லை. கிடைத்ததைச் சமைத்தார்கள். பன்றி, கோழி, வாத்து, மீன், நன்னீரில் வளரும் ‘கிராஃபிஷ்’ என்ற சிறிய சிங்கி இறால் வகை. வயிறு நிறையச் சோறு. ஆமாம், அமெரிக்காவிலும் சோறு சாப்பிடும் ஊர் உண்டு!

ஒரே பானையில் எல்லாமும் வேகும். தொடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். மாவைக் கொழுப்பில் போட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லப் பழுப்பு நிறம் வரும். அதற்குப் பெயர் ‘ரூ’. அதில் வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் மூன்றும் விழும். இந்த மூன்றையும் அங்கே ‘பரிசுத்த மும்மூர்த்தி’ என்கிற பொருளில் அழைக்கிறார்கள். நமக்குக் கடுகு, உளுந்து, கறிவேப்பிலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்குப் புகழ்பெற்ற ‘கம்போ’ என்ற குழம்பின் பெயர் ஆப்பிரிக்க மொழிச் சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் வெண்டைக்காய். அதைக் கெட்டியாக்கும் சாசஃப்ராஸ் இலைப்பொடி பூர்வகுடி மக்கள் கற்றுக்கொடுத்தது. ஆக, கேஜன் சமையல் என்பது வெறும் பிரெஞ்சுச் சமையல் இல்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும், பூர்வகுடிகளும், ஸ்பானியர்களும், ஜெர்மானியர்களும் அந்தப் பானையில் கை வைத்திருக்கிறார்கள்.

‘கிரியோல்’ உணவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

கிரியோல் உணவின் வீடு நியூ ஆர்லியன்ஸ் நகரம். துறைமுகப் பணம், சமையல்காரர்கள், விருந்து மேசை என்று வளர்ந்தது அது. அங்கே 1840இல் தொடங்கிய ‘அன்டுவான்ஸ்’ போன்ற ஆடம்பர உணவகங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த நகரத்தில் கிரியோல் சாப்பாட்டுக்கு நல்ல விலை கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்.

கேஜன் உணவின் வீடு அதற்கு மேற்கே உள்ள நாட்டுப்புறம். அங்கே வெளியில் போய்ச் சாப்பிடுவது என்றால் பெரும்பாலும் மதியம் ‘பிளேட் லஞ்ச்’. ஓர் இறைச்சிக் குழம்பு, சோறு, தொட்டுக்கொள்ள இரண்டு வகை, ஒரு துண்டு ரொட்டி. எண்ணெய்க் கிணற்று ஊழியர், ஆசிரியர், வங்கி அதிகாரி எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். நம்ம ஊர் உணவங்காடியில் மதியம் ‘எக்கனாமி ரைஸ்’ வரிசை எப்படியோ, அப்படித்தான்.

அந்த வரிசையில் வளர்ந்த ஒருவருக்கு, அதே குழம்பை மெழுகுவத்தி வெளிச்சத்தில் மூன்று மடங்கு விலைக்குக் கொடுத்தால் என்ன தோன்றும்? “எங்க பாட்டி இதைவிட நல்லா செய்வாங்களே!”

வெட்கம் பெருமையான கதை

விலைக்குப் பின்னால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது மரியாதை.

1921இல் எழுதப்பட்ட லூசியானா அரசமைப்பு, பள்ளிகளில் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்கவேண்டும் என்றது. வீட்டில் பிரெஞ்சு பேசிய கேஜன் பிள்ளைகள் பள்ளியில் அதைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கத் தயங்கினார்கள். இரண்டு தலைமுறைக்குள் மொழி வீட்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கியது. 1968இல்தான் மாநில அரசாங்கம் பிரெஞ்சு மொழியை மீட்க ஓர் அமைப்பை உருவாக்கியது.

கிராஃபிஷும் அப்படித்தான். ஒருகாலத்தில் அது ஏழைகளின் உணவு. சேற்றிலிருந்து பிடிப்பது. அதைச் சாப்பிடுகிறோம் என்று வெளியில் சொல்லக் கூசினார்கள். கூழும் பழைய சோறும் நம் வீடுகளில் எப்படிப் பார்க்கப்பட்டன, இன்று எப்படிப் பார்க்கப்படுகின்றன என்று யோசித்தால் இது சட்டென்று புரியும்.

1959இல் ‘பிரோ பிரிட்ஜ்’ என்ற சிற்றூரை உலகக் கிராஃபிஷ் தலைநகரம் என்று மாநிலச் சட்டமன்றம் அறிவித்தது. மெல்ல வெட்கம் போய்ப் பெருமை வந்தது.

ஆக, ‘கேஜன் சாப்பாட்டுக்கு நல்ல விலை வைக்கலாமா’ என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: எங்க வீட்டுச் சமையலும் மற்றவர்கள் சமையல் அளவுக்கு மதிப்புள்ளதுதானே?

வரிசையில் நிற்கவைத்தவர்

அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று உரக்கச் சொன்னவர் பால் புருடோம்.

1940இல் ஒப்பலூசஸ் என்ற ஊருக்கு அருகே, குத்தகை விவசாயக் குடும்பத்தில் 13 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அம்மா பக்கத்தில் நின்று சமையல் கற்றார். 1970களின் நடுவில் நியூ ஆர்லியன்ஸின் புகழ்பெற்ற ‘கமாண்டர்ஸ் பேலஸ்’ உணவகத்தின் தலைமைச் சமையல் கலைஞரானார். 1979இல், பின்னாளில் தம் மனைவியான கே ஹின்ரிக்ஸுடன் சேர்ந்து ‘கே-பால்ஸ் லூசியானா கிச்சன்’ கடையைத் திறந்தார்.

கடை சிறியது. முன்பதிவு கிடையாது. முன்பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். ஆனால் வெளியே தெருவில் வரிசை நீண்டது.

அவரை உலகம் அறியவைத்தது ஒரு மீன். மசாலா தடவிய ‘ரெட்ஃபிஷ்’ மீனை, புகை கிளம்பும் அளவுக்குக் காய்ந்த இரும்புச் சட்டியில் போட்டுக் கருக்க வறுத்தார். நாடு முழுவதும் உணவகங்கள் அதைக் காப்பியடித்தன. தேவை எக்கச்சக்கமாக ஏறியதில் மெக்சிகோ வளைகுடாவில் அந்த மீன் வேகமாகக் குறைந்தது. 1980களின் பிற்பாதியில் வளைகுடாவின் கூட்டரசு நீர்ப்பரப்பில் அதை வர்த்தகத்துக்காகப் பிடிக்கவே தடை வந்தது. ஒரு வறுவல் ஒரு மீனினத்தையே பாதித்த கதை அது!

புருடோம் 2015இல் காலமானார். கொவிட்-19 நோய்ப்பரவலின்போது 2020இல் கே-பால்ஸ் நிரந்தரமாக மூடப்பட்டது. ஏறத்தாழ 40 ஆண்டுகள் அது ஓடியிருக்கிறது.

அப்போ கேஜன் உணவு பெரிய அளவில் விற்கும் என்று நிரூபணம் ஆகிவிட்டதே? பாதி மட்டும்தான். வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் வெளியூர்க்காரர்கள்.

ஒரே பெயர், இரண்டு ஊர்

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

டானல்ட் லிங்க் என்ற சமையல் கலைஞர் கேஜன் பகுதியின் நெல் விளையும் ஊரான குரோலியில் வேர் கொண்டவர். 2006இல் அவரும் ஸ்டீவன் ஸ்ட்ரியூஸ்கியும் நியூ ஆர்லியன்ஸில் ‘கோஷான்’ உணவகத்தைத் திறந்தார்கள். பிரெஞ்சில் அதற்குப் ‘பன்றி’ என்று பொருள். விறகு அடுப்பு, பூடான், கம்போ, முதலைக் கறி என்று நாட்டுப்புறச் சாப்பாட்டை நகரத்து உணவகமாக்கினார்கள். அமெரிக்கச் சமையல் உலகின் உயரிய ஜேம்ஸ் பியர்ட் விருதுகள் இருவருக்கும் கிடைத்தன. கடை நிலைத்தது.

2011இல் அதே கோஷானின் கிளை லாஃபயெட்டில் திறந்தது. அதாவது, அந்தச் சாப்பாட்டின் சொந்த ஊருக்கே வந்தது. அந்தக் கிளை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது.

ஒரு கடை மூடுவதற்கு ஒரே காரணம் இருக்காது. ஆனால் இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

• நியூ ஆர்லியன்ஸின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 384,000. ஆனால் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமான வருகையாளர்கள் வருகிறார்கள். கோஷான் இருக்கும் இடம் பெரிய மாநாட்டு மையத்துக்கு அருகில்.

• லாஃபயெட்டின் மக்கள்தொகை சுமார் 121,000. வாரநாளில் மேசையை நிரப்பவேண்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

வெளியூர்க்காரருக்குப் பூடான் ஓர் அனுபவம். விலையை ஒப்பிட அவரிடம் வேறு பூடான் இல்லை. உள்ளூர்க்காரருக்கு அது காலைப் பசியாறல். ஒப்பிட அவரிடம் பத்துக் கடை இருக்கிறது. எந்தக் கடையில் மிளகு தூக்கல், எந்தக் கடையில் ஈரல் அதிகம் என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி.

பொருளியலில் இதைக் ‘குறிப்பு விலை’ என்பார்கள். ஒரு பொருளின் விலை கூடவா குறைவா என்று மனம் தனியாக முடிவு செய்வதில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒரு விலையோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்கிறது. ஜப்பானிய ‘ஓமகாசே’ உணவுக்குப் பணம் கொடுக்கத் தயங்காத ஒருவர், கோழிச் சோறு 50 காசு ஏறினால் முகம் சுளிப்பது இதனால்தான்.

கடைக்காரர் பேராசைக்காரரா?

“விலையைக் குறைச்சா கூட்டம் வருமே, ஏன் குறைக்க மாட்டேங்கிறாங்க?” என்று கேட்கத் தோன்றும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

‘கிராஃபிஷ் எட்டுஃபே’ என்ற குழம்பை எடுத்துக்கொள்வோம். சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது. ஒருவருக்கு 150 கிராம் வால் சதை போடுவதாக வைத்துக்கொள்வோம்.

உயிருள்ள கிராஃபிஷின் எடையில் சுமார் 15 விழுக்காடுதான் சதையாகக் கிடைக்கும். மற்றதெல்லாம் தலையும் ஓடும். எனவே 150 கிராம் சதைக்கு ஒரு கிலோ கிராஃபிஷ் வேண்டும். ஒரு கிலோ 7 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தட்டுக்குக் கிராஃபிஷ் செலவு மட்டுமே 7 டாலர். வெண்ணெய், அரிசி, காய்கறி, ஓடு உரிக்கும் கூலி எல்லாம் தனி.

உணவகத் தொழிலில் ஒரு பொதுவான கணக்கு உண்டு. மூலப்பொருள் செலவு விற்பனை விலையில் 30 விழுக்காட்டைச் சுற்றி இருக்கவேண்டும். சம்பளத்துக்கு இன்னொரு 30 விழுக்காடு போகும். மீதியில் வாடகை, மின்சாரம், காப்புறுதி, பழுதுபார்ப்பு, அட்டைக் கட்டணம். எல்லாம் போகக் கையில் நிற்பது பெரும்பாலும் 3இலிருந்து 5 விழுக்காடு.

அந்தக் கணக்குப்படி, 7 டாலர் கிராஃபிஷுக்கே தட்டின் விலை 23 டாலர் ஆகிவிடும். அதன் மேல் ஏறத்தாழ 10 விழுக்காடு விற்பனை வரி. பிறகு அமெரிக்க வழக்கப்படி 20 விழுக்காடு வரை அன்பளிப்பு. வாடிக்கையாளர் பையிலிருந்து போவது கிட்டத்தட்ட 30 டாலர்!

பிளேட் லஞ்ச் கடைக்கு இந்தச் சிக்கல் குறைவு. பன்றியின் தோள்பட்டை இறைச்சி மாதிரி மலிவான பகுதியை மணிக்கணக்கில் வேகவைத்தால் போதும். பரிமாற ஆள் வேண்டாம். மதியம் 2 மணிக்குக் கடையைச் சாத்திவிடலாம். ஒரே நாற்காலியில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று பேர் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள். ஆடம்பர உணவகத்தில் அதே நாற்காலியில் ஒருவர் இரண்டு மணி நேரம் உட்காருவார்.

அதனால் அங்கே 30 டாலர் என்பது பேராசை விலையாக இல்லாமல் பிழைக்கும் விலையாகவே இருக்கலாம். வாடிக்கையாளருக்கு அது தெரியவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவர் பார்ப்பது தட்டையும் பில்லையும்தான்.

மழை பெய்யாவிட்டால்?

உள்ளூர்ப் பொருளை மட்டும் நம்பும் கடைக்கு இன்னோர் ஆபத்து, இயற்கை.

அமெரிக்காவின் கிராஃபிஷில் சுமார் 90 விழுக்காடு லூசியானாவிலிருந்து வருகிறது. பெரும்பகுதி நெல் வயல்களில் தண்ணீர் தேக்கி வளர்க்கப்படுகிறது. 2023இல் கடும் வறட்சியும் வெப்பமும் தாக்கின. மண்ணுக்குள் வளை தோண்டிக் காத்திருந்த கிராஃபிஷ்கள் செத்துப்போயின. 2024 பருவத்தில் விளைச்சல் சரிந்து விலை பல மடங்கு ஏறியது. மாநில ஆளுநர் பேரிடர் அறிவிப்பே வெளியிட்டார்.

அப்படிப்பட்ட நேரத்தில் கடைக்காரருக்கு மூன்றே வழி. விலையை ஏற்றலாம். உணவுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அல்லது, வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான உறைந்த சதையை வாங்கலாம்.

மூன்றாவது வழிதான் உள்ளூரில் பெரிய சர்ச்சை. சீனாவிலிருந்து வரும் கிராஃபிஷ் சதைமீது 1997 முதல் அமெரிக்கா கூடுதல் வரி விதிக்கிறது. அமெரிக்காவுக்கு ஆக அதிகமாக இறால் அனுப்பும் நாடு எது தெரியுமா? இந்தியா. வளைகுடாவில் படகு வைத்து இறால் பிடிக்கும் குடும்பங்களால் அந்த விலையோடு போட்டி போட முடியவில்லை. வெளிநாட்டுக் கிராஃபிஷையோ இறாலையோ பரிமாறினால் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று லூசியானா 2019இல் சட்டம் கொண்டுவந்தது.

ஆக, ‘உள்ளூர்க்காரர்கள் மலிவாகக் கேட்கிறார்கள்’ என்பதற்கு ஒரு விலை உண்டு. அதைச் சில நேரம் அதே ஊர் மீனவர்தான் கொடுக்கிறார்.

உள்ளூர்க்காரர்கள் கஞ்சமா?

அப்படிச் சொல்வது நியாயம் இல்லை.

லூசியானா அமெரிக்காவின் ஆக ஏழ்மையான மாநிலங்களுள் ஒன்று. லாஃபயெட் எண்ணெய்த் தொழிலை நம்பி வளர்ந்த நகரம். 2014இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. அந்த மாதிரி நேரத்தில் முதலில் நிற்பது நிறுவனக் கணக்கில் சாப்பிடும் இரவு விருந்துகள். விலை பார்ப்பது அங்கே அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம்.

அதே மக்கள் கிராஃபிஷ் பருவம் வந்தால் வீட்டுக்கொல்லையில் நண்பர்கள் புடைசூழச் சாக்கு சாக்காக வாங்கி அவிப்பார்கள். அதற்கு ஒரே மதியத்தில் நூற்றுக்கணக்கான டாலர் செலவாகலாம். பணம் இல்லை என்பதில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. அளவு, கூட்டம், சிரிப்பு என்றால் கொடுப்பார்கள். பெரிய தட்டின் நடுவில் சின்னதாக ஓர் உருண்டை என்றால் யோசிப்பார்கள்.

லூசியானாவில் ‘லான்யாப்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கடைக்காரர் காசு வாங்காமல் கூடுதலாகப் போட்டுக்கொடுப்பது. தமிழில் நாம் ‘கொசுறு’ என்கிறோமே, அதேதான். காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வருமே, அது. கொசுறு எதிர்பார்க்கும் ஊரில் உருண்டை வைத்தால் எடுபடாது!

அப்போ எதுதான் எடுபடும்?

நிலைத்த கடைகளையும் மூடிய கடைகளையும் பார்த்தால் சில பாடங்கள் தெரிகின்றன.

1. வீட்டில் செய்ய முடியாததைக் கொடுக்கவேண்டும். பாட்டியின் கம்போவோடு போட்டி போட்டால் பாட்டிதான் வெல்வார். ஆனால் விறகு அடுப்பில் முழுப் பன்றி, புகையூட்டிய இறைச்சி, வீட்டுச் சட்டியில் வராத சூட்டில் வறுத்த மீன் என்றால் கதை வேறு. புருடோம் செய்தது இதைத்தான். அவர் வீட்டுச் சமையலை நகல் எடுக்கவில்லை. வீட்டு மசாலாவை வீட்டில் இல்லாத அடுப்பில் வைத்தார்.

2. இரண்டு வாசல் வைக்கவேண்டும். கோஷான் உணவகத்துக்குப் பக்கத்திலேயே ‘கோஷான் புச்சர்’ என்ற இறைச்சிக் கடை இருக்கிறது. சாண்ட்விச், பூடான் என்று கையில் வாங்கிக்கொண்டு போகலாம். முழு விருந்துக்கு வராதவரும் அங்கே வாடிக்கையாளர்தான். பன்றியின் எந்தப் பகுதியும் வீணாகாது. ஒரு கடையின் செலவை இன்னொரு கடை தாங்கும்.

3. மதியம் கண்ணியமான விலை, இரவு கொண்டாட்ட விலை. ஒரே சமையலறை, ஒரே வாடகை. மதியம் எளிய சாப்பாட்டை நியாய விலையில் கொடுத்தால் ஊர் மக்கள் உள்ளே வந்து பழகுவார்கள். பிறந்தநாளும் பட்டமளிப்பும் வரும்போது அவர்களுக்கு நினைவுக்கு வருவது பழகிய கடை.

4. காரணத்தைச் சொல்லவேண்டும். இந்த இறால் எந்தப் படகில் வந்தது, இந்த அரிசி எந்த வயலில் விளைந்தது என்று தெரிந்தால் விலைக்கு ஒரு முகம் கிடைக்கும். ஊர்ப்பற்று உள்ள ஊரில் அதற்கு மதிப்பு உண்டு.

5. கொசுறு முக்கியம். சூடான ரொட்டியோ, ஒரு சிறு கிண்ணம் கம்போவோ. செலவு கொஞ்சம். ஆனால் ‘ஏமாந்துட்டோமோ’ என்ற உறுத்தல் இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவார்.

சிங்கப்பூருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே.

இங்கே பிளாஸ்டிக் பையில் நண்டு, இறால், சோளம் எல்லாம் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு சாப்பிடும் லூசியானா பாணிக் கடைகளுக்கு நீங்களும் போயிருக்கலாம். அந்தப் பாணியின் பயணம் சுவையானது. 1975க்குப் பிறகு வியட்னாமிய அகதிகள் பலர் வளைகுடாக் கரையில் குடியேறி இறால் பிடிக்கும் தொழிலில் இறங்கினார்கள். ஹூஸ்டன் போன்ற நகரங்களில் கேஜன் கிராஃபிஷ் அவியலோடு பூண்டும் வெண்ணெயும் சேர்ந்தன. 2004இல் கலிஃபோர்னியாவில் ஒரு வியட்னாமிய அமெரிக்கத் தம்பதி தொடங்கிய ‘பாய்லிங் கிராப்’ கடை அந்தப் பாணியை மேலும் பரப்பியது.

இங்கே அதற்குக் கூடுதல் விலை கொடுக்க நாம் பெரிதாகத் தயங்குவதில்லை. ஏன்? லாஃபயெட்டுக்கு வரும் வெளியூர்க்காரர் மாதிரி, நமக்கும் ஒப்பிட வேறு கேஜன் கடை இல்லை.

ஆனால் தோசைக்கு? வாழை இலைச் சாப்பாட்டுக்கு? அங்கே நாம்தான் லாஃபயெட்காரர்கள். தேக்காவில் என்ன விலை என்று நமக்குத் தெரியும். பினாங்கில் பிறந்த மனோ தேவரின் ‘தேவர்’ உணவகம் சிங்கப்பூரில் 2022இல் இரண்டாவது மிச்செலின் நட்சத்திரத்தைப் பெற்றது. தென்னிந்தியச் சுவைகளுக்கும் உயர்ந்த மேசை உண்டு என்பதற்கு அது சான்று. இருந்தும் “நம்ம சாப்பாட்டுக்கா இவ்வளவு?” என்ற குரல் எல்லார் வீட்டிலும் கேட்கத்தான் செய்கிறது.

கடைக்காரர்களின் நிலையும் இங்கே லேசானது அல்ல. 2024இல் மட்டும் சிங்கப்பூரில் 3,000க்கும் மேற்பட்ட உணவு, பானக் கடைகள் மூடப்பட்டன. வாடகை, ஆள் பற்றாக்குறை, வார இறுதியில் ஜொகூர் பாருவுக்குப் போகும் கூட்டம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. பட்டியலில் 100 வெள்ளி என்றால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்து பில்லில் 119 வெள்ளி 90 காசு. ‘பிளஸ் பிளஸ்’ என்ற இரண்டு சொல் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது பாருங்கள்!

சரி, பதில் என்ன?

விலை பார்த்து வாங்கும் ஊரிலும் ஆடம்பரக் கேஜன் உணவகம் வெல்ல முடியும். ஆனால் உள்ளூர்க்காரர்களை மட்டுமே நம்பி, அவர்கள் தினமும் சாப்பிடுவதையே அழகுபடுத்தி விற்றால் வாய்ப்பு குறைவு. வெளியூர்க் கூட்டம், மதியச் சாப்பாடு, பக்கத்துக் கடை, கொண்டாட்ட நாள் என்று பல கால்களில் நிற்கும் கடைதான் மந்தமான செவ்வாய்க்கிழமை இரவுகளைத் தாண்டி நிற்கும்.

அப்படிப்பட்ட கடைகள் வேண்டுமா என்பதும் ஒரு கேள்விதான். மலிவான நல்ல சாப்பாடு ஊரின் சொத்து. அதை யாரும் பறிக்கக்கூடாது. அதேநேரம், தன் வீட்டுச் சமையலைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கும் ஓர் இளம் கேஜன் சமையல்காரர், அதைப் பெருநகரத்தில் வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான் நல்ல விலைக்கு விற்க முடியும் என்றால், அவர் ஊரைவிட்டுக் கிளம்புவார். அவரோடு அந்தக் கைப்பக்குவமும் கிளம்பும். பெட்ரோல் நிலையத்துப் பூடானும் வெள்ளைத் தட்டுப் பூடானும் ஒரே ஊரில் பிழைத்தால் அவர் அங்கேயே இருக்கலாம்.

அடுத்த முறை உணவுப் பட்டியலைப் பார்த்து “இதுக்கா இவ்வளவு?” என்று கேட்க வாய் வரும்போது, இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டுப்பாருங்கள். இந்தத் தட்டில் உள்ள பொருளுக்கும் உழைப்புக்கும் என்ன செலவாகியிருக்கும்? இதே விலையை வேறொரு நாட்டுச் சாப்பாட்டுக்குக் கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேனா?

இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, பிறகு வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம்.